யாரும் கூப்பிடாத மணமகள்

சனிக்கிழமை விடியுமுன் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து கிளம்பினேன். நுவர்க் விமான நிலையம் முப்பது மைல். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். சன்னிவேலில் அண்ணன் வீட்டில் அன்று கல்யாண விருந்து. புது அண்ணி யானா செக் நாட்டுப் பெண். கல்லூரியில் நான் பாடம் நடத்துவது, செக், ரஷ்யன் போன்ற மொழிகளுக்கெல்லாம் தாயான ஆதி ஸ்லாவிய மொழி.

மதியம் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் இருபது பேர். யானா காஞ்சிபுரம் புடவையில் எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டே ஒரு ஆன்ட்டி அம்மாவிடம் கேட்டார்: "அவ சாம்பார்லாம் சாப்பிடுவாளா?"

"அவளுக்குப் புடவை யாரு கட்டி விட்டாங்க?" என்றார் இன்னொருவர்.

ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷ் பேசுகிறவர்கள். அவளிடமே கேட்டிருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு அங்கிள் என் பக்கம் திரும்பினார். "நீ அந்த பாஷைதானேம்மா ரிசர்ச் பண்றே? பிரைடுக்கு என்ன வேர்டு?"

சொன்னேன். நெவ்யெஸ்தா. எழுதப்படாத ஆதி மொழியின் சொல். இன்றைய மொழிகளை ஒப்பிட்டு மீட்டது. 'நெ' என்றால் இல்லை, மிச்சம் 'அறி' என்ற வேர்: அறியப்படாதவள். புதிதாக அழைத்து வரப்பட்டவள் என்று சொல்வோரும் உண்டு.

அந்த இரண்டாவது விளக்கம் யார் காதிலும் விழவில்லை. "கரெக்டாதான் வச்சிருக்கான்! நமக்கும் தெரியாதவதானே!" என்றார் அங்கிள். கூடமே சிரித்தது. அம்மா சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். எதற்கென்று தெரியாமல் யானாவும் சிரித்தாள்.

"அந்தச் சொல்லுக்கும் வேற்றுமை உருபெல்லாம் இருக்கு, அங்கிள்," என்றேன். "'அவளை'ன்னு சொல்ற மாதிரி நெவ்யெஸ்தோன். 'அவளோட'ன்னா நெவ்யெஸ்தி. கூப்பிடறதுக்குன்னே 'நெவ்யெஸ்தோ'ன்னு ஒண்ணு இருக்கு. அவளை, அவளுக்கு, எல்லாம் சொல்லிட்டீங்க. ஒருத்தராவது அவங்களைக் கூப்பிட்டீங்களா?"

"வந்தவங்க முன்னாடி என்னடி இது?" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஞாயிறு காலை யானாதான் காரில் கொண்டுவந்து விட்டாள். ஃப்ரீவேயில் ஏறியதும் ஆங்கிலத்தில் கேட்டாள்: "நேற்று எல்லாரும் 'அவ, அவ' என்றார்களே, தமிழில் எனக்கு வைத்த பெயரா?"

"இல்லை," என்றேன். அர்த்தத்தைச் சொன்னேன்.

விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "உன் அம்மாவை நான் எப்படிக் கூப்பிட வேண்டும்?"

முதலில் கூப்பிட வேண்டியவளும் இவள்தானா? மறுபடி கோபம் தலைக்கேறியது. ஆனாலும் சொல்லிக் கொடுத்தேன்: "அத்தை."

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை ஐகாரம் சரியாக விழுந்தது.