அறுக்க ஒரு தாலி இல்லாதவள்

எனக்கு அம்மை போட்டிருந்தபோது எங்கள் வாசல் நிலையில் தினமும் காலையில் புது வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும். வியாசர்பாடிக்கு நாங்கள் குடிவந்த முதல் கோடை அது. தெருவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. என் வீட்டுக்காரர் விடியுமுன் மளிகைக் கடையைத் திறக்கப் போய்விடுவார். அவர்தான் செருகிவிட்டுப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ, வீட்டுக்கார அம்மா செய்கிறார் என்று நினைத்திருந்தார். தண்ணீர் ஊற்றி, எழுந்து நடமாடிய பிறகுதான் தெரிந்தது. எதிர் வரிசையில் குடியிருந்த பூவம்மா அக்கா வேலைக்குப் போகிற வழியில் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க சாமிக்கு இதானே புடிக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

பூவம்மா என்பது புருஷன் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது மா டின் லா. ரங்கூனில் பிறந்த பர்மாக்காரி. லட்சுமணன் அண்ணன் அங்கே மரக்கிடங்கில் வேலை பார்த்தவர். அந்த நாட்டில் நம்மவர்கள் இருக்க முடியாமல் போய், கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்களே, அப்போது இவளும் தாய் தகப்பன் தங்கச்சியை விட்டுவிட்டு அவரோடு கப்பலேறினாள். அப்படி வந்தவர்களுக்கு வியாசர்பாடியில் வரிசையாக வீடு கொடுத்தார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி. அவர் ராயபுரத்தில் லாரிக்கு லோடு ஏற்றினார். இவள் காசிமேட்டுக் கொட்டகையில் இறால் உரித்தாள். பிள்ளை பாக்கியம் இல்லை.

தெருப் பிள்ளைகள் "சப்பமூக்கு" என்று கத்திவிட்டு ஓடும். அவள் நின்று, "உன் மூக்க கயட்டிக் குடுறா, ஒரு நாளு மாட்டிக்கினு தர்றேன்" என்பாள். பிள்ளைகள் சிரித்துவிடும். பெரியவர்கள்தான் விடமாட்டார்கள். "உங்க ஊருக்கு எப்ப போவே?" என்று தண்ணீர் லாரி வரிசையில் கேட்பார்கள்.

நானும் வெளியூர்க்காரிதான். சாத்தான்குளத்துப் பக்கம். நான் வாய் திறந்தாலே சிரித்தவர்கள் உண்டு. ஆனால் எப்போது போவாய் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்குக் கடை இருந்தது. அவள் பேசியது அந்தத் தெருத் தமிழ். எனக்கு இன்றுவரை அது அப்படி வராது.

அவள் வீட்டு அலமாரியில் கை அளவுக்கு வெள்ளைக் கல்லில் ஒரு புத்தர் இருந்தார். பக்கத்து வீட்டு பீம்ராவ் குடும்பமும் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர்கள் இவள் வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நானும் போய்க் கும்பிட்டிருக்கிறேன். என் சாமி அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் ஐப்பசியில் லட்சுமணன் அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

புளியந்தோப்பிலிருந்து அவர் தங்கை வரலட்சுமி வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை. ஆனால் அவளும் வாடகை வீட்டில் நெருக்கியடித்துக் கிடக்கிறவள். மகன் திருமலைக்குப் பெண் பார்த்தாயிற்று, பெண்ணைக் கொண்டுவந்து வைக்க இடமில்லை. காரியம் முடிவதற்குள்ளேயே வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"பதினாறாம் நாளு எங்கண்ணன் கட்டுன தாலிய எல்லார் முன்னாடியும் கயட்டட்டும். பொண்டாட்டின்னா வூடு அவளுக்கு. இல்லன்னா எங்களுக்கு" என்றாள் வரலட்சுமி.

தாலி இல்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ரங்கூனில் அவர்கள் கல்யாணம் வேறு மாதிரி. இரண்டு பேர் கையையும் சேர்த்து வெள்ளைத் துணியால் சுற்றி, ஒரே கிண்ணத்துச் சோற்றை இருவருக்கும் கொடுத்தார்களாம். இங்கே வந்து இறங்கியதும் மாமியார், அந்தப் பெண்ணுக்குத் தாலி கட்டினால் நான் நாண்டுகொண்டு சாவேன் என்றிருக்கிறாள். அண்ணன் அம்மாவோடு சண்டைக்கும் போகவில்லை, இவளை விடவும் இல்லை. அந்தப் பேச்சை எடுக்காமலே முப்பத்தைந்து வருஷம் போய்விட்டது.

காரியத்துக்கு முதல் நாள் மத்தியானம் நான் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டி அம்மன் காலடியில் வைத்தேன். தாயே, இது பொய்யா நிஜமா என்று நீயே பார்த்துக்கொள் என்று சொல்லி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தேன்.

"அக்கா, இதைப் போட்டுக்கிடுங்க. நாளைக்கு அவங்க அறுத்துட்டுப் போகட்டும். வீடாவது மிஞ்சும்."

அவள் கயிற்றை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"யார் கட்டுறது?"

"நான் கட்டுதேன்."

"அறுக்கறதுக்குன்னே யார்னா கட்டுவாங்களா இசக்கி?"

கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஆசயாத்தான் கீது. ஒரு நாளாச்சும் இத்த போட்டுக்கினு கடத்தெருவுல நடந்திருக்கணும். ஆனா அவரு கட்டாதத இன்னிக்கு நா கட்டிக்கினா, அவரு கூட வாய்ந்ததெல்லாம் பொய்யின்னு நானே சொல்ற மாரி ஆயிடும்."

கயிற்றை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். கடைசியாக ஒருமுறை வைத்துப் பார்த்து எடுக்கிற வழக்கம். வரலட்சுமி அவள் கழுத்துச் சேலையை விலக்கினாள்.

"எல்லாம் பாத்துக்கோங்க. இங்க இன்னா கீது கயட்ட?"

"ஒரே கிண்ணத்துல சோறு துன்னோம். அதான் எங்க கல்யாணம்" என்றாள் பூவம்மா அக்கா.

"கையேந்தி பவன்ல கூடத்தான் பக்கத்துல பக்கத்துல நின்னு துன்றாங்க. அவங்கல்லாம் புருசன் பொண்டாட்டியா?"

இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். வாசலில் நின்ற பீம்ராவ் உள்ளே எட்டிப் பார்த்து, "இத்தினி வருசம் உங்கண்ணனுக்கு ஆக்கிப் போட்டது யாரும்மா?" என்றார்.

"நைனா, இது எங்க வூட்டு மேட்டரு. நீ கண்டுக்காத" என்றான் திருமலை.

"தம்பி, பொறுமையாப் பேசுவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அண்ணாச்சி, நீ போயி கடயப் பாரு."

வளையலை உடைக்கக் கல் தயாராக இருந்தது. அக்கா தானாகவே இரண்டு கையையும் நீட்டினாள். வரலட்சுமி தொடவில்லை.

"உனக்கு எதுக்கு ஒடைக்கணும்? நீ யாருக்கு அறுத்த? பூ வச்சிக்கோ, வளையலு போட்டுக்கோ, நல்லாரு."

அக்கா கையை எடுக்கவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு சுற்றி இருந்த ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தாள். முறைப்படி சொந்தக்காரிதான் உடைக்க வேண்டும். சொந்தம் என்று ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான்தான் போய் அந்தக் கைகளை மடியில் இறக்கிவைத்தேன். சில்லென்று இருந்தன.

பீம்ராவ் கேஸ் போடலாம் என்று எவ்வளவோ சொன்னார். "அவரு தங்கச்சிய கோர்ட்டுல நிக்க வெச்சா அவரு ஒத்துக்குவாரா?" என்று கேட்டுவிட்டாள். தை பிறந்ததும் திருமலை குடிவந்தான். அவள் புத்தரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பீம்ராவ் வீட்டுக்குப் போனாள். பூ வைப்பதை விட்டாள். வளையல்களை ஒவ்வொன்றாகத் தானே கழற்றினாள். உடைக்கவில்லை.

மணிப்பூரில் மோரே என்று ஓர் எல்லை ஊர். பாலத்தைத் தாண்டினால் பர்மாவாம். கப்பலில் அவளோடு வந்த ஒரு தமிழ்க் குடும்பம் அங்கே போய்க் கடை வைத்திருந்தது. எங்கள் கடை போனுக்கு அவர்கள் கூப்பிட்டார்கள். வந்தால் சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கலாம், சந்தைக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் வருவார்கள், தங்கச்சியைப் பற்றி விசாரிக்கலாம் என்றார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் தடுக்கவில்லை. இரு என்று சொல்ல எந்த வீட்டைக் காட்டுவேன்?

சென்ட்ரலுக்கு நானும் என் வீட்டுக்காரரும் பீம்ராவும் போனோம். புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். என் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் விளக்கேற்றும்போது அவள் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன், இரண்டு பெயரையும்.

கவுகாத்தி வண்டி நகரத் தொடங்கியதும் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தாள்.

"நா எங்கன்னு யார்னா கேட்டாங்கன்னா, பர்மாக்காரி போயிட்டான்னு சொல்லாத இசக்கி. லட்சுமணன் பொண்டாட்டி ஊருக்குப் போயிக்கீறான்னு சொல்லு."