கப்பலைக் கரையில் ஏற்றியவர்

பசிபிக் கடலில் கிடக்கும் அபையாங் தீவில் காய்தாராவைத் தெரியாதவர் இல்லை. பேத்தியோ துறைமுகப் பள்ளியில் கடல்வேலை படித்துவிட்டு, மீசை சரியாக முளைக்கும் முன்பே ஜெர்மன்காரர்களின் சரக்குக் கப்பலில் ஏறியவர். சுக்கான் பிடிப்பதுதான் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி கடல், மிச்சம் வீடு. வீடு என்றால் மனைவி தாபேத்தாவும் ஒரே மகள் மீரியாவும்.

மீரியா காய்ச்சலில் போன செய்தி வந்தபோது கப்பல் அட்லாண்டிக் நடுவில் இருந்தது. கேப்டனே மேலே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்; வேறு ஆளை நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார் காய்தாரா. கரை தொடுவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். சொன்ன திசையில் கப்பலைப் பிடித்தபடியே நின்றார். முறை முடிந்ததும் சாப்பிட்டார், தூங்கினார். அழுகை வரும் என்று காத்திருந்தார். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்பதுபோல மகள் பெயரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஊருக்கு வந்தபோது, வீட்டை ஒட்டி வெள்ளைக் கற்கள் பதித்த சின்னக் கல்லறை இருந்தது. தாபேத்தா சண்டை போடவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். மகளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சன் என்று ஊர்க்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. மறுபடி கப்பலுக்குப் போனார். இப்படியே வருஷங்கள் ஓடின.

கடைசியில் கப்பலுக்கும் வயதாகிவிட்டது. முதலாளிகள் அதை வங்காளதேசத்தில் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். பௌர்ணமியன்று கடல் பொங்கி ஓதம் ஏறும் நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டிப்போய்ச் சேற்றில் ஏற்ற வேண்டும். சுக்கானில் காய்தாரா நின்றார். பக்கத்தில் நின்ற புவேரே, அவருடைய தீவுக்காரன், சிரிக்கப் பார்த்தான்.

"இத்தன வருஷமா தரை தட்டிடாதன்னு சம்பளம் குடுத்தாங்க. இப்ப தட்டுன்னு குடுக்குறாங்க. வாங்கிக்கண்ணே."

கேப்டன் நேரே போகச் சொன்னார். நேரே போனார். கரையில் பாதி அறுத்த கப்பல்கள் வரிசையாகக் கிடந்தன. என்ஜின் நின்ற பிறகும் காய்தாரா சுக்கானை விடவில்லை. கேப்டன் வந்து கையைத் தொட்ட பிறகுதான் விட்டார். புவேரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்த தாபேத்தா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"கப்பலுக்காவது அழுதியா?"

"இல்ல."

"மோதுனப்ப எப்படி இருந்துச்சு?"

காய்தாரா யோசித்தார். "மோதவே இல்ல. மெதுவா மெதுவா நின்னுச்சு. நின்னுடுச்சுன்னே கொஞ்ச நேரம் தெரியல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றாள். "மீரியா போனப்ப ஊரே அழுதுச்சு. நான் எல்லாருக்கும் சோறு போட்டுட்டிருந்தேன். உங்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மிச்ச மீனை எடுத்துச் செதில் சுரண்டினார். இருவருமே அழவில்லை. அதன்பிறகு வெளிநாட்டுக் கப்பல் வேலை வந்தபோது வேண்டாம் என்றார். பக்கத்துத் தீவான தாராவாவுக்குப் போய்வரும் படகில் சேர்ந்தார். ஆளும் அரிசி மூட்டையும் பன்றியும் ஏற்றிப் போகும் படகு. சாயங்காலம் வீடு வந்துவிடுவார். அவரவர் தட்டில் மீனும் அவித்த ஈரப்பலாக்காயும் போட்டுக்கொண்டு, பெரும்பாலும் பேசாமல்தான் இருவரும் சாப்பிடுவார்கள்.