கேத்தல் காக்காவின் கண்கள்

என் வாப்பாவுக்கு மூளை கொஞ்சம் கூடவே வேலை செய்யும். எப்போது, எதற்காக வேலை செய்யும் என்பதில்தான் கோளாறு. கல்முனைக்குடியில் கடற்கரையை ஒட்டி அவருக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. ஒருநாள் யாரோ கொண்டுவந்து கொடுத்த வெளிநாட்டு நகைச்சுவைப் படமொன்றை வீடியோ டெக்கில் போட்டுப் பார்த்தார். அதோடு தொடங்கியது எல்லாம்.

படத்தின் பாஷை எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கிய மட்டில் கதை இதுதான்: ஒரு தேயிலைக் கம்பனியின் விளம்பரப் பொம்மை, கையும் காலும் முளைத்த, தண்ணீர் கொதிக்கவைக்கிற ஒரு கேத்தல். அரைகுறை மந்திரவாதி ஒருவன் வாய் தவறி ஏதோ சொல்லப்போக, அது மாடிக் கட்டடம் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. பாவம், ஒருவரையும் மிதிக்க அதற்கு விருப்பமில்லை. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றத்தான் ஆசை. அது குனிந்து ஊற்ற, ஊரே குடையைப் பிடித்துக்கொண்டு ஓடும். கடைசியில் யாரும் குடிக்கவில்லையே என்று கடலோரம் குந்தியிருந்து, மூக்கால் ஆவி விட்டு அழும். அந்த இடத்தில் வாப்பா சிரிப்பார். லேசான சிரிப்பில்லை, ஆரம்பித்தால் விக்கலில்தான் முடியும். உம்மா தண்ணீர்க் கோப்பையுடன் பக்கத்தில் தயாராக நிற்பார்.

கொஞ்ச நாளில் எங்கள் கடை முகப்பில் ஒரு கேத்தல் எழும்பியது. இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களை ஒட்டி, மூக்கும் கைப்பிடியும் வைத்து, தொப்பி போல மூடி போட்டு, இரும்புக் குழாயில் கால் பூட்டிக் கூரையை விட உயரமாக நிறுத்தினார். ஊர் அதற்குக் கேத்தல் காக்கா என்று பெயர் வைத்தது; எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். முகம் வரைந்தது உம்மா. பெருநாளைக்கு ஊர்ப் பெண்களெல்லாம் உம்மாவிடம்தான் மருதோண்டி போட வருவார்கள், அப்படிப்பட்ட கை. ஏணியில் ஏறி, கறுப்பு எனாமலில், இமை மயிரோடு இரண்டு கண் வரைந்தார். இறங்கி வந்து பார்த்தால், இடது கண் வலதை விடப் பெரிது.

"என்னகா, ஒரு கண் தேங்காய், மத்தது பாக்கா?" என்றார் வாப்பா.

"உங்களப் பாத்து வரஞ்சா மறுகா எப்பிடி வரும்?" என்றார் உம்மா.

அந்தக் கதை எங்கள் வீட்டில் பிறகு ஓயவேயில்லை. சோறு குழைந்தாலும் உப்பு கூடினாலும் வாப்பா அந்தக் கண்ணில் கொண்டுபோய்த்தான் முடிப்பார்.

மூன்றாம் நாள் மரைக்கார் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், வாப்பாவின் பழைய கூட்டாளி. பொம்மையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மார்க்கத்துல உருவத்துக்குக் கண் வெக்கப்படாது மச்சான்" என்றார்.

"இது கேத்தல். கேத்தலுக்கு ஏது உசிரு?"

"கேத்தலுக்கு மறுகா ஏது கண்ணு?"

வாப்பா, பெயின்ற் முடிந்துபோய்விட்டது என்று சொல்லி, கண் இரண்டையும் சுண்ணாம்பால் மூடினார். பெயின்ற் டின் கடைக்குப் பின்னால் பாதி நிறைந்தபடி இருந்தது. முதல் மழைக்கே சுண்ணாம்பு கரைந்து கண் வெளியே வந்தது. விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் பிளேன்டி குடிக்க வந்த மரைக்கார், "மச்சான், கேத்தல் முழிச்சிட்டு" என்றார். வாப்பா சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறினார். மாரி முழுக்க இதே கூத்து. மரைக்காருக்கு ஹார்ட்வெயார் கடை இருந்தது. ஒரு டின் வெள்ளை எனாமல் தந்திருந்தால் விசயம் அன்றோடு முடிந்திருக்கும். அவர் தரவில்லை. அந்தக் கண்ணில் அவருக்கும் ஒரு பிரியம் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன்.

ஊருக்குள் கடல் வந்த அன்று வாப்பா சந்தைக்குப் போயிருந்தார். நான் சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் இருந்தேன். வீட்டில் உம்மா மட்டும். நாங்கள் திரும்பி வந்தபோது கடை இல்லை, வீடு இல்லை, கேத்தல் காக்கா இல்லை. உம்மாவின் மையித் கிடைத்தது, அடக்கினோம். அவருடைய ஒரு போட்டோ கூட மிஞ்சவில்லை. அவர் கை பட்ட ஒரு துண்டுத் துணியும் மிஞ்சவில்லை.

வாப்பா சிரிப்பதையே விட்டுவிட்டார். கடலுக்குத் தூரமாகக் கிடைத்த புது வீட்டில் வாசலைப் பார்த்தபடி இருப்பார். கடையைத் திரும்பப் போடுங்கள் என்றால், "பாப்பம்" என்பார். நான் எங்கெல்லாமோ தேடி அந்தக் கேத்தல் படத்தை வாங்கிவந்து போட்டேன். கேத்தல் கடலோரம் குந்துகிற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அந்த விக்கலை ஒருதரம் கேட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்டேன்.

அப்போது யுத்தம். எங்கள் முஸ்லிம் ஆட்கள் தெற்கே தமிழ் ஊர்களுக்குப் போகப் பயந்தார்கள், அவர்கள் இந்தப் பக்கம் வரப் பயந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகுதான் மரைக்காரின் லொறி மறுபடி அந்தப் பக்கம் சாமான் கொண்டுபோனது. ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுத கையோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவுமில்லை.

"மச்சான், கேத்தல் முழிச்சிட்டு."

வாப்பா விளங்காமல் பார்த்தார்.

"விநாயகபுரத்துல. என்ட கண்ணால கண்ட."

மறுநாள் மூவரும் லொறியில் தெற்கே அந்தத் தமிழ் ஊருக்குப் போனோம். கட்டி முடியாத ஒரு வீட்டுச் சுவரின் உச்சியில், கால் இரண்டும் போய், வயிறு நெளிந்து, கயிற்றால் கட்டப்பட்டு இருந்தார் கேத்தல் காக்கா. கண் இரண்டும் புத்தம் புதிதாக, கறுகறு என்று விழித்திருந்தன. இடது கண் பெரிது.

வீட்டுக்காரப் பெண் வெளியே வந்தார். "சுனாமிக்குப் புறகு கரையில ஒதுங்கிக் கெடந்தது காக்கா. இந்த முழியப் பாத்தா எந்தக் கண்ணூறும் ஓடிரும் எண்டு கட்டிவிட்ட. இஞ்ச ஆர் வீடு கட்டினாலும் இதத்தான் வாங்கிப் போற. கண் மங்கினா அதே கோட்டுக்கு மேலயே கறுப்பு அடிக்கிற. பெரிய கண்ணச் சின்னதாக்குவம் எண்டு பாத்த, மனம் வரல்ல."

"அது என்ட பொஞ்சாதி வரஞ்ச கண், தங்கச்சி" என்றார் வாப்பா.

"அவவக் கூட்டி வரல்லியா?"

"கடல் எடுத்திட்டு."

 அந்தப் பெண் உடனே கயிற்றை அவிழ்க்க ஆள் கூப்பிடப் போனார். வாப்பா தடுத்தார். "வேணாம். வீடு முடியட்டும்."

பிறகு மரைக்கார் பக்கம் திரும்பி, "கண்ண மூடவா மச்சான்?" என்றார்.

மரைக்கார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது எங்கட பள்ளி எல்லைக்குள்ள வராது" என்றார்.

வாப்பா மறுபடி சுவரை அண்ணாந்து பார்த்தார். "என்னகா," என்றார், உம்மா அந்த ஏணியிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தது போல. "ஒரு கண் தேங்காய், மத்தது பாக்கா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் விக்கல் வந்தது. நான் அந்த வீட்டுக்குள் ஓடித் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து, உம்மா எப்போதும் நிற்கும் பக்கமாக, கோப்பையோடு நின்றேன்.