ரிட்டன் சப்ளை

டெஸ்டரின் முனையை ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் வைத்து, அதன் தலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நிற்கிறாள் முப்பிடாதியம்மாள். டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை வைக்கிறாள். எரியவில்லை. அதன் பிறகுதான் பால் பாக்கெட் வெளியே வருகிறது. அடுத்து தண்ணீர்க் குழாய், மாடிப்படிக் கம்பி, வாசல் கேட். போனில் சார்ஜ் ஏறும்போது யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் போனைத் தொடுவாள். அதற்குள் எதிர்முனையில் இருப்பவர் வைத்திருப்பார். "அவசரம்னா மறுபடி கூப்பிடுவாவ" என்பாள்.

அவள் என் அம்மா. வீடு தென்காசியில். சீசன் மாதங்களில், குற்றாலம் பேரருவிக்குப் போகும் நடைபாதையில் பெண்கள் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குளிக்க வருகிறவர்களின் செருப்பையும் பையையும் காவல் காக்கிறாள். டோக்கன் கிடையாது. எந்தச் செருப்பு யாருடையது என்று மறப்பதில்லை. செருப்பு தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களிடம், "எடது குதி இந்தத் தேய் தேஞ்சிருக்கே, முட்டு வலி உண்டோ?" என்பாள். வலி இருக்கிறவர்கள் நின்று பேசுவார்கள். இல்லாதவர்கள் ஒருமுறை முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அப்பா இசக்கிதுரை ஒப்பந்த லைன்மேனாக இருந்தார். போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மழையில், புளியறைப் பக்கம் அறுந்த லைனைக் கட்டக் கம்பம் ஏறினார். ஏறும் முன் அம்மாவுக்குப் போன் செய்தார். "லைன் ஆஃப்ல இருக்கு. சப்ளை இல்ல. பயப்படாத, சோத்த வடிச்சு வையி."

சப்ளை இல்லை என்பது உண்மைதான். அவர் மேலே நிற்கும்போது சாலையோரம் ஒரு கடையில் ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். கடையின் இணைப்பை லைனிலிருந்து துண்டிக்காமல் ஓடவிட்டார்கள். அப்படிச் செய்தால் மின்சாரம், வழக்கமாக வரும் வழியிலேயே எதிர்த்திசையில் போய்க் கம்பத்தில் ஏறும். லைன்மேன்கள் அதை ரிட்டன் என்பார்கள். அப்பாவின் சாவைப் பற்றி அம்மா இன்றுவரை வேறு எதுவும் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான். "ரிட்டன்ல போய்ட்டாவ."

அதன் பிறகு, கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டால் அம்மா சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுகிறாள். "இந்நேரம் எவன் கம்பத்துல நிக்கானோ" என்கிறாள். பேருந்தில் போகும்போது கம்பத்தில் ஆள் தெரிந்தால் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவாள்.

"ஏ தம்பி, எர்த் போட்டியா?"

"போட்டாச்சு பெரியம்மா."

"எங்கன? காட்டு."

லைனைத் தரையோடு இணைத்திருக்கும் ஒயரை அவன் மேலேயிருந்து கையை நீட்டிக் காட்டவேண்டும். அதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டால், அன்று முழுவதும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள்.

நான் மின்னணுவியல் படித்தவள். கோயம்புத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மனிதர்களின் காலடியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தரைக்கற்களைச் செய்கிறோம். கல்லுக்கு அடியில் ஒருவகைப் பீங்கான் வில்லைகள் இருக்கும். மிதித்தால் அவை அழுந்தும். அழுந்தினால் அவற்றின் இரு முகங்களுக்கு இடையே மின்னழுத்தம் பிறக்கும். ஓர் அடிக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். அதைப் பேட்டரியில் சேர்த்துவைத்தால், கைப்பிடிக் கம்பியில் பொருத்திய சின்ன விளக்குகள் எரியும். அதற்குக் கூட்டம் வேண்டும். அதனால் சோதனைக்குக் குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கல் பதிக்க ஒதுக்கப்பட்ட இடம், அம்மாவின் நாற்காலிக்கு எதிரே அமைந்துவிட்டது. நான் கேட்டு வாங்கவில்லை.

"கேஸ் லைட்டர அமுக்குனா டக்குனு பொறி வருதுல்லாம்மா, அதேதான் இது" என்று அவளுக்கு விளக்கினேன். மறுநாளிலிருந்து வீட்டில் அடுப்பைத் தீப்பெட்டியால்தான் பற்றவைக்கிறாள். லைட்டர் பரணுக்குப் போய்விட்டது.

கல் பதித்து முடித்த அன்று டெஸ்டரோடு வந்து குனிந்தாள். ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்தாள்.

"காட்டலையே."

"காட்டாதும்மா. ஆள அடிக்கித அளவுக்கு இதுல கரண்டே கெடையாது."

"கரண்டு கெடையாதுன்னா, அப்பொறம் என்னத்துக்குட்டி இதக் கொண்டாந்து பதிச்சிருக்க?"

பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் யாக்கூப் பாய் கரண்டியை எண்ணெய்ச் சட்டியிலேயே விட்டுவிட்டுச் சிரித்தார். "யக்கா, பிள்ள அத்தன வருசம் படிச்சதுக்கு ஒரே கேள்வியில பெயிலாக்கிட்டியளே."

முதலில் சில நாட்கள் அம்மா யாரையும் தடுக்கவில்லை. தான் மட்டும் கல்லை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போனாள். பிறகு எங்கள் நிறுவனத்திலிருந்து ஓர் அறிவிப்புப் பலகை வந்தது. ஆசிப் அதை மாட்டினார். அவர் அந்த நடைபாதை வேலைக்கு மேற்பார்வையாளர், செங்கோட்டைக்காரர். பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'உங்கள் காலடி தரும் மின்சாரம் ஒளியாக உங்களுக்கே திரும்ப வருகிறது.'

அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசி இரண்டு சொற்களில் நின்றாள். திரும்பவும் படித்தாள்.

"திரும்ப வருதுன்னா, ரிட்டன்தானட்டி."

"அது வேறம்மா. லைட்டா வருதுன்னு எழுதியிருக்கு."

"எடுக்கதுக்கு ஒரு வழி இருந்தா, அதே வழியாக் குடுக்கவும் செய்யும்லா?"

இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். எனக்குச் சரியாகச் சொல்லித்தான் பழக்கம். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அந்த வில்லை கண்ணுக்குத் தெரியாத அளவு நெளியும், மிதிக்கிறவர்களை அது ஒன்றும் செய்யாது என்றேன். முதல் பாதியை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள்.

"நெளியுதுன்னா, அதுக்கு உசுரு இருக்குல்லா."

மறுநாள் நான் போனபோது, கல் பதித்த பாதையின் இரண்டு முனையிலும் குறுக்கே நைலான் கயிறு கட்டியிருந்தது.

அந்த இடத்தில் நடைபாதை அகலமானது. கைப்பிடிக் கம்பியை ஒட்டிப் பெரும்பகுதி எங்கள் கற்கள். சுவர்ப் பக்கம், வடிகாலை ஒட்டி, பழைய சிமெண்டுத் தரை ஒருவர் பின் ஒருவராகப் போகும் அளவுக்கு இருந்தது. அருவியில் நனைந்து வருகிறவர்களை அம்மா அந்தப் பக்கமாகத் திருப்பினாள். "அங்கன ஈரக் காலோட மிதிக்காதிய தாயி. இங்கன ஓரமா வாங்க." கொல்லத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் கேட்டாள், "ஷாக்கடிக்குமோ சேச்சி?" அம்மா, "அடிக்கும் தாயி, அடிக்கும்" என்றாள். மற்றவர்கள் காரணமே கேட்கவில்லை.

"எப்பிடிக் கேப்பா?" என்றார் யாக்கூப் பாய். "செருப்பு அக்கா கையில இருக்கு. சொன்ன பேச்சு கேக்காதவ வெறுங்காலோடதான் ஊருக்குப் போணும்."

யாரும் மிதிக்காததால் பேட்டரி ஏறவில்லை. விளக்குகள் எரியவில்லை. ஆசிப் வந்து பார்த்தார். அம்மாவின் அருகில் குந்தி உட்கார்ந்தார்.

"யக்கா, வெள்ளிக்கெழம பெரிய ஆளுகள்லாம் பாக்க வாராவ. அன்னைக்கி லைட்டு எரியலன்னா கல்லப் பேத்துருவாவ. கயிறு கட்டுனது நீங்கன்னு தெரிஞ்சா ஒங்க எடத்தையும் சேத்துக் காலி பண்ணிருவாவ. பாத்துக்கோங்க."

"எடம் போனாப் போட்டும் தம்பி. பிள்ளகுட்டியோட வாரவ ஒருத்தி இதுல விழுந்து செத்தான்னா, அவ வீட்ல போயி நீயா பதில் சொல்லுவ?"

"ஒங்க மக வச்ச கல்லுதானக்கா?"

"அவ அப்பா ஏறுனதும் தெரிஞ்ச கம்பந்தான்."

ஆசிப் எழுந்தார். கயிற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரும் சுவரோரமாகவே போனார்.

அம்மாவின் பயம் ஒட்டிக்கொள்ளக் கூடியது. கற்களைத் தண்ணீர் புகாதபடி பிசின் ஊற்றி அடைத்திருக்கிறோம். வீட்டு மின்சாரத்தோடு எந்த இணைப்பும் இல்லை. வரைபடம் நான் போட்டது. இருந்தும் தினமும் காலையில் மீட்டரோடு குனிந்து எல்லா இணைப்புகளையும் பார்க்கத் தொடங்கினேன். கற்களைத் தாங்கும் சட்டம் இரும்பு. அது கைப்பிடிக் கம்பியோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கம்பி நெடுக சீசன் கடைகளின் ஒயர்கள் சுற்றிக் கிடக்கின்றன. ஒட்டுப்போட்ட ஒயர்கள். ஒட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டியிருப்பார்கள். என் கல்லை நம்பினேன். அந்த ஒயர்களை நம்ப முடியவில்லை; ஓர் ஒட்டு கசிந்தாலும் கம்பி வழியாகச் சட்டத்துக்கு மின்சாரம் வந்துவிடும். அகற்றச் சொன்னபோது, சீசன் முடியட்டும் என்றார் ஆசிப். சட்டத்துக்கு எர்த் போட்டேன். போட்ட பிறகும் பயம் போகவில்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கு முந்தின நாள் மதியம் மலை கறுத்தது. சாரல் மழையாக மாறியது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த அருவி கலங்கிச் செம்மண் நிறமானது. அபாய ஒலி எழுந்தது. காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்றது. வானம் இருட்டியிருந்ததால் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக ஜெனரேட்டரைப் போட்டார்கள்.

அருவியின் இரைச்சலில் அபாய ஒலிகூடச் சரியாகக் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஜெனரேட்டர் கேட்டது. நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

"லைன் ஆஃப்பு" என்றாள். "ஜெனரேட்டரு ஓடுது." என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பெண்கள் ஏறி வந்தார்கள். கயிற்றைப் பார்த்துச் சுவரோரமாகவே வந்தார்கள். வடிகால் நிரம்பிச் சிமெண்டுத் தரையின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி வழுக்கி உட்கார்ந்தாள். பின்னால் வந்தவள் அவள்மேல் சாய்ந்தாள். இடுப்பில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி நகர இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். கீழேயிருந்து இன்னும் தள்ளினார்கள். கல் பதித்த அகலமான பாதை இரண்டு கயிறுகளுக்கு நடுவே காலியாகக் கிடந்தது.

"கயித்த அவுரும்மா" என்றேன்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். ஜெனரேட்டர் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். நான் முடிச்சில் கை வைத்தேன். தட்டிவிட்டாள்.

"நீ தள்ளு. நான் அவுக்கேன்."

கீழ்முனைக் கயிறு விழுந்தது. கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. முதலில் நின்றவள் காலைத் தூக்கினாள். அம்மா அவளைத் தோளில் கைவைத்து நிறுத்தினாள்.

"பொறு தாயி."

காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றிப் போட்டாள். என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்து அருகில் போனேன். ஒயர்கள் கம்பியில் நனைந்து தொங்கின.

"அங்கனயே நில்லு. நான் விழுந்தா என்னத் தொடாத. கரண்டு புடிச்சவ பக்கத்துல நிக்கவளையும் சேத்துப் புடிச்சிருவா. கேக்குதாட்டி?"

கேட்டது. எர்த் போட்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

வலது காலை வைத்தாள். இடது காலை வைத்தாள். கல் லேசாக அழுந்தியது. கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மழை அவள் தலையிலிருந்து வழிந்து, பாதங்களைச் சுற்றித் தேங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள்.

"வாங்க" என்றாள்.

பெண்கள் ஓடி வந்தார்கள். ஈரச் சேலைகள் அவள்மேல் உரசின. பிள்ளை வைத்திருந்தவள் அவள் தோளை இடித்துக்கொண்டு கடந்தாள். மேல்முனைக் கயிற்றை யாக்கூப் பாய் அறுத்துவிட்டார். வழுக்கி விழுந்தவளையும் இருவர் தாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா அந்தக் கல்லைவிட்டு நகரவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. தவறியும் யாரையும் பிடித்துவிடாதபடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை மற்றொன்றால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.