யாரும் முடிவைச் சொல்லக் கூடாது

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறுவார். கையைப் பார்க்க மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று படியில் கால் வைக்கும்போதே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். டிப்போவில் அவருக்கு ‘எக்ஸ்ரே’ என்று பட்டப்பெயர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு. வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றி மாட்டத் தெரிகிறது, அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத்தான் தெரியவில்லை. கூடவே குடித்தனம் பண்ணுகிறவளைக் கேட்டால் தெரியும் அந்த அவஸ்தை.

பால் தண்ணீராக இருந்தால் கலப்படம் என்பார். கெட்டியாக இருந்தால் எதைப் போட்டுக் கெட்டியாக்கினான் என்பார். மகள் ஒருநாள் சொல்லாமலே பாத்திரம் தேய்த்துவிட்டால், “என்ன வேணும் உனக்கு, நேராச் சொல்லு” என்று முன்னால் போய் நிற்பார். கல்யாணமான புதிதில் என் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, “உன்னைக் கட்டாயப்படுத்தித்தான் எனக்குக் கட்டி வெச்சாங்களா?” என்று கேட்டார். எனக்குக் கடைவாய்ப்பல் வலி. இதுதான் அவர். ஏதோ இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துவிடுவார். என்ன இருக்கிறது என்பதில்தான் கோட்டை விடுவார்.

இப்பேர்ப்பட்ட மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது ஒரே ஒரு கூட்டத்தை. எங்கள் ஊர் கால்பந்து அணியை. நம்புவதற்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத கூட்டம் அது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியவர்கள், எனக்கு முடி நரைத்தும் மேலே ஏறவில்லை. ஒவ்வொரு வருஷமும் கடைசி வாரத்தில் எப்படியாவது தோற்பார்கள். இவர் ஒரு வேளை பட்டினி கிடப்பார், மறுநாள் “அடுத்த வருஷம் பாரு” என்பார். இந்த வருஷம் பிளே-ஆஃப் வரைக்கும் வந்துவிட்டார்கள். அந்த ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் பிரிவு.

ஆட்டம் பிற்பகலில். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதிகாரி வேண்டுமென்றே செய்கிறார், அவர் எதிரணி ஆள் என்று ஒரு வாரம் பொருமினார். பிறகு சட்டம் போட்டார். ஆட்டத்தை டிவியில் பதிவு செய்து வைக்க வேண்டும். அவர் வந்து குளித்துவிட்டு, அப்போதுதான் நடப்பது போல உட்கார்ந்து பார்ப்பார். அதுவரை யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. எனக்கு, மகளுக்கு, கீழே இஸ்திரி போடுகிறவருக்கு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே சட்டம்.

அன்றைக்குப் பிற்பகல் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, இரண்டு முறை போய் சோதனைகளெல்லாம் ஆகியிருந்தன. வீட்டில் முட்டிவலி என்று சொல்லியிருந்தேன். வேறு சமயமாக இருந்தால் அந்தப் பொய் ஒரு நாள்கூட நின்றிருக்காது. பிளே-ஆஃப் புண்ணியத்தில் தப்பித்தேன்.

காத்திருக்கும் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நிமிஷத்தில் நம் பையன்கள் கோல் போட்டு ஜெயித்தார்கள். கையில் கட்டுப் போட்டவர்கூட எழுந்து குதித்தார். அந்தக் கூச்சலில் என் முறை வந்ததே எனக்குக் கேட்கவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள். உள்ளே டாக்டரம்மா, “கட்டியை எடுத்துப் பார்த்தாதான்மா எதுவும் சொல்ல முடியும். தள்ளிப் போட வேண்டாம். நாளைக்கு வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க” என்றார். வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆட்டம் முடிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. இத்தனை வருஷம் தோல்வியையே பார்த்த மனுஷன், ஒரே ஒரு வெற்றியை நிம்மதியாகப் பார்த்துவிட்டுப் போகட்டும். நாளையிலிருந்து என்ன என்பது எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு காதிலும் பஞ்சோடு வந்தார். “இன்னைக்கு ஒருத்தன் மூஞ்சியையும் பார்க்கலடி. கையை மட்டும்தான் பார்த்தேன். எத்தனை பேர் டபாய்ச்சானுங்களோ” என்று சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். கழற்றியவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“தோத்துட்டாங்க” என்றார்.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“அதான் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே.”

ஆட்டத்தை நடக்கும்போதே டிவியில் பார்த்துவிட்ட மகள், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என் ஆஸ்பத்திரிக் கதை அவளுக்குத் தெரியாது. “பாருங்கப்பா, பார்த்தா தெரிஞ்சிடப் போகுது” என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவ சிரிப்பை அடக்கற மாதிரி இருக்கு. நீ அழுகையை அடக்கற மாதிரி இருக்கு. இவ நடிக்கறா. உன் மூஞ்சி சொல்றதுதான் நிஜம்.”

தோற்றுவிட்டார்கள் என்று அவர் நம்புகிற வரைக்கும்தான் என் முகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கோல் விழுந்துவிட்டால் நான் மாட்டினேன். அவருக்காக அந்தக் கோலுக்குக் காத்திருக்கவும் செய்தேன், அது வரவே கூடாதென்றும் இருந்தது.

குளித்துவிட்டு, சாயம் போன மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்து சோபாவில் என் இடது பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும் உட்காருகிற இடம். மாற்றி உட்காரச் சொன்னால் அதற்கும் ஒரு காரணம் கேட்பார். பந்து எதிரணி கோல் பக்கம் போகும்போதெல்லாம் முழங்கையால் பக்கத்தில் இருப்பவரை இடிப்பது அவர் பழக்கம். முதல் இடி விழுந்ததும் எனக்கு உயிர் போய் வந்தது.

“என்னடி துள்ளற?”

“ஒண்ணுமில்ல, ஊசி போட்டாங்க.”

“முட்டிக்கு எதுக்குக் கையில ஊசி?”

“நீங்க ஆட்டத்தைப் பாருங்க.”

எதிரணி முதலில் கோல் போட்டது. “பார்த்தியா, நான் சொல்லல?” என்றார். ஏதோ என்னிடம் ஜெயித்துவிட்டது போல. நடுவர் நமக்கு ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தார். அதையும் விடவில்லை. “தோக்கப் போறவனுக்கு இது ஒரு ஆறுதல் பரிசு. விலை போயிட்டான்.” இரண்டாம் பாதியில் நம் பையன்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். அப்போதும் அவர் துள்ளவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்தேன். சிரித்ததுதான் தப்பாகப் போய்விட்டது.

“வேணாம்டி. சிரிக்காத. நீ எனக்காகச் சிரிக்கறது தெரியுது. ரொம்ப மோசமாத் தோத்தாங்களா?”

“அப்பா, கடைசி வரைக்கும் பாருங்களேன்” என்று மகள் கெஞ்சினாள்.

இரண்டு முறை ரிமோட்டை எடுத்தார், இரண்டு முறை வைத்தார். நேரம் முடிகிற சமயத்தில் நமக்கு ஒரு கார்னர். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்தேன். பந்து உயர்ந்து வந்தது, நம் கேப்டன், முட்டியில் கட்டோடு ஆடுகிற அந்த வயதான தடியன், எல்லாருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினான். வலை குலுங்கியது.

மனுஷன் கத்தவே இல்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவர் கோலைத் திருப்பி வாங்கிவிடுவாரோ என்று காத்திருந்தார். விசில் ஊதிய பிறகுதான் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் அவர் தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, இத்தனை நேரம் அடக்கிய கத்தலைக் கத்துவதற்காகக் கீழே தெருவுக்கு ஓடினாள்.

“ஜெயிச்சுட்டாங்கடி” என்றார். “ஜெயிச்சே புட்டாங்க.”

“ஆமாங்க.”

மூக்கை ஜெர்சியில் துடைத்தார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும்.”

“அப்போ உன் மூஞ்சியில இருந்தது என்ன?”

“முதல்ல கப்பு வாங்கறதைப் பாருங்க. இதுக்குத்தானே இத்தனை வருஷம் கிடந்தீங்க.”

டிவியை அணைத்தார். “கப்பு எங்கயும் போகாது. நீ சொல்லு.”

சொன்னேன். கட்டியைப் பற்றி, முட்டிவலிப் பொய்யைப் பற்றி, டாக்டரம்மா சொன்னதைப் பற்றி. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன். அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

“பஸ்ல ஏறுற அத்தனை பேரையும் பிடிக்கறேன்” என்றார். “வீட்டுல இருக்கறவ மூஞ்சியைப் பார்த்துட்டு, பந்தாட்டம்னு நெனச்சேனே.”

“நான்தானே மறைச்சேன்.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.”

தன் முழங்கையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. எழுந்தார், சோபாவைச் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்தார். மேலே பட்டுவிடாமல் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்து, தன் கை இரண்டையும் மடியில் கட்டி வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அழாதவள், பஸ்ஸில் அழாதவள், அப்போதுதான் அழுதேன்.