துரைராஜைப் பற்றிக் கூறப்பட்டது

துரைராஜ் செய்தித்தாளை வாய்விட்டுத்தான் படிப்பார். ‘கூறப்படுகிறது’ என்று வந்தால் போதும், நிறுத்திவிடுவார்.

“யாரு சொன்னாவளாம்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

நடிகைக்கு ரகசியக் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கூறப்படுகிறது. அரிசி விலை இறங்கும் என்று கூறப்படுகிறது. அமைச்சர் மாறுவார், புயல் திசை திரும்பும், அடையாற்றில் முதலை தென்பட்டது, எல்லாமே அப்படித்தான். எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. “பேசாமப் படிங்கப்பா” என்பாள் மகள் சுந்தரவல்லி. மேற்கு மாம்பலத்து ஒண்டுக்குடித்தனத்தில் வருஷக்கணக்காக இது நடந்தது.

ஆரம்பித்தது எழுபத்தொன்றில். பாண்டி பஜார் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் துரைராஜ் சேலை விற்பவர். ஒரு மத்தியானம் சரக்கு அறையில் தீப்பிடித்தது. உள்ளே அவர் மட்டும்தான் இருந்தார். கையைச் சுட்டுக்கொண்டு பாதிச் சரக்கை வெளியே இழுத்துப் போட்டார். மறுநாள் பத்திரிகையில், ‘ஊழியர் ஒருவர் அணைக்காமல் போட்ட பீடியே காரணம் என்று கூறப்படுகிறது’ என்று வந்தது.

அவர் பீடியைத் தொட்டதே இல்லை. முதலாளிக்கும் அது தெரியும். ஆனாலும் வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொள்ள உட்காரவைத்துவிட்டார். “பேப்பர்லயே வந்துட்டுதே, நான் என்ன செய்ய?”

அந்தக் குடும்பத்தில் முதலில் பி.ஏ. முடித்தவள் சுந்தரவல்லி. அச்சில் வந்ததை அச்சிலேயே திருத்திவிடலாம் என்று நம்பி, அப்பாவைப் பத்திரிகை அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள்.

“உங்கப்பா பேரையா போட்டோம்?” என்றார் உதவி ஆசிரியர்.

“யார் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க சார்.”

“யாரும் சொல்லலைம்மா. தெரியாத இடத்துல அப்படிப் போடறது வழக்கம்.”

“தெரியலைன்னே போடலாமே?”

“போட்டா எவன் வாங்குவான்?”

யாருமே சொல்லவில்லை என்பதைத் துரைராஜால் தாங்க முடியவில்லை. கோபப்பட அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் இனாயத், தீப்பிடித்த அன்று நிருபரோடு பேசிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. இருவரும் பல வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். “இனாயத்துதான் சொன்னாம்னு பேசிக்கிடுதாவ” என்று டீக்கடையிலும் கல்லாவிலும் சொல்லத் தொடங்கினார். வீட்டிலும் சொன்னார். பத்திரிகைக்காரரைக் கேள்வி கேட்ட சுந்தரவல்லி அப்பாவைக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இனாயத் வாசலில் வந்து நின்றார்.

“இன்னா துரைராஜு, நான்தான் போட்டுக் குடுத்தேன்னு சொல்லிக்கினு கீறியாமே. யாரு சொன்னது?”

“எல்லாருந்தான் பேசிக்கிடுதாவ.”

“ஒரு பேரு சொல்லு நைனா. ஒண்ணே ஒண்ணு.”

துரைராஜ் கையிலிருந்த செய்தித்தாளை மடிக்கத் தொடங்கினார்.

“என்னாண்ட நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பேப்பர்காரனாவது உன் பேரைப் போடல. நீ என் பேரைப் போட்டுட்டியேப்பா.”

“உள்ள வந்து காபி குடிச்சிட்டுப் போங்க மாமா” என்றாள் சுந்தரவல்லி. அவர் நிற்கவில்லை. அடுத்த வாரம் மயிலாப்பூரில் வேறு கடையில் சேர்ந்துவிட்டார்.

“போய் மன்னிப்புக் கேட்டுருங்கப்பா” என்று அவள் நச்சரித்தாள்.

“ரம்சானுக்குப் போய்ப் பாத்துட்டு வாரேன்” என்பார். ரம்சான் வரும், போகும். ஒரு வருஷம் காய்ச்சல், ஒரு வருஷம் மழை. மயிலாப்பூர் என்ன அசலூரா? அவளுக்கு எரிச்சலாக வரும். தினமும் சுவரைப் பார்த்துக் கேட்கத் தெரிந்த மனுஷனுக்கு, பக்கத்தில் இருந்தவனிடம் ஏன் வாய் வரவில்லை? அப்பாவைக் கேட்கத் தனக்கு மட்டும் வந்ததா?

எழுபத்தேழில் துரைராஜ் இறந்துபோனார். இனாயத் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, அப்பாவின் கையில் ஆறிப்போன அந்தச் சூட்டுத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கை வெந்தும் உடாம சேலையை இழுத்தாரும்மா உங்கப்பா. நான்தான் பார்த்தேன். அன்னிக்கு அந்தப் பேப்பர்காரனாண்ட அதைத்தான் சொன்னேன். அவன் போடல.”

அப்பா உங்களிடம் மன்னிப்புக் கேட்கத் துடித்தார் என்று சொல்லலாமா? துடித்தாரா என்பது அவளுக்கே தெரியாது. தெரியாததை இவரிடம் எப்படிச் சொல்வது? அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இனாயத் குடையை எடுத்துக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அப்பா அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த ஒரு வார்த்தையை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.