மாஸ்டர் அட்டை

செருப்புக்கும் ஷூவுக்கும் பேட்டர்ன் வெட்டுவது என் தொழில். தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்பதை முதலில் அட்டையில் வெட்டித் தர வேண்டும். ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பன்னிரண்டு வருடம் இதைச் செய்தேன். ஊருக்குள் இரண்டு கம்பெனி, மேல்விஷாரத்தில் ஒன்று, ராணிப்பேட்டையில் ஒன்று. நால்வரும் எனக்கு வேலை கொடுத்தார்கள், ஒருவரும் முதலாளி இல்லை. "எப்போ தருவீங்க மேடம்?" என்றுதான் கேட்பார்கள். "எங்கே போயிருந்தே?" என்று கேட்டதில்லை.

என்னைப் போல் வெளியிலிருந்து செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிக்குப் போவது நகல்தான். மாஸ்டர் அட்டை எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். தாலியைக்கூட அடகு வைப்போம், மாஸ்டர் அட்டையைக் கை மாற்ற மாட்டோம்.

என் ஆணியில் தொங்கியவற்றில் எனக்குப் பெருமையான ஒன்று, சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு. அதை அம்மாவின் வலது காலை வைத்துத்தான் உருவாக்கினேன். அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, ஆணி குத்தினாலும் தெரியாது. அட்டை மேல் நிற்கவைத்து விரல் விரலாகப் பென்சிலால் வரைந்தேன். அந்தக் கோடு மாஸ்டர் அட்டையில் அப்படியே இருந்தது. தினமும் காலை டிபனுக்குப் பிறகு அம்மாவின் இரண்டு பாதங்களையும் திருப்பி, விரல் இடுக்கெல்லாம் பார்த்த பிறகுதான் கத்தியைத் தொடுவேன். டாக்டர் சொன்ன மருந்தில் பாதி இந்தப் பார்வைதான்.

டிப்ளமோவில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ஒருத்தி, பைபாஸ் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனுக்குத் தலைவியாகிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னும் எத்தினி நாளைக்குடி ஃப்ரீலான்ஸுன்னு நாலு கம்பெனிக்கு அலைவ? எங்ககிட்ட கான்ட்ராக்ட்ல வந்துடு. அப்பவும் நீ இண்டிபென்டன்ட்தான். உன் டைம் உன்னுது."

"காலைல அம்மா காலைப் பாக்கணும்டி."

"பாத்துட்டு பத்தரைக்கு வா. யாரு இன்னா கேக்கப் போறா? நான் இருக்கேன்ல."

அந்த 'நான் இருக்கேன்ல'தான் என்னைக் கவிழ்த்தது. மறுவாரம் அவள் மேசையில் பத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும், படித்திருக்கலாம். ஆனால் அவளை எதிரில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தால் அவளைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். "சும்மா ஃபார்மாலிட்டிடீ," என்றாள். தலைப்பில் 'இண்டிபென்டன்ட்' என்று இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. போதாக்குறைக்கு, "நம்ம கம்பெனிதானே, இங்கயே மாட்டு," என்று அவள் சொன்னதைக் கேட்டு, மாஸ்டர் அட்டைகள் எல்லாவற்றையும் கட்டைப்பையில் போட்டு நானே எடுத்துப் போனேன். அன்று மாலையே ஒவ்வொன்றிலும் கம்பெனி சீல் குத்திவிட்டார்கள். அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்ட முட்டாள் நான்.

ஒரு மாதம் பத்தரைக்குப் போனேன். பிறகு ஒரு நாள் அவள் வந்து நின்றாள். "எம்டி ரொம்ப பேஜார் பண்றாருடி. எட்டே முக்காலுக்கு நீயும் பஞ்ச் வெச்சுடு. கொஞ்ச நாளைக்குத்தான்." ஒப்பந்தத்தில் இருப்பவளிடம் வேலையைக் கேட்கலாம், விரல் ரேகையைக் கேட்கக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. வேறு கம்பெனி வேலையும் தொடக் கூடாது என்றார்கள். விரல் ரேகை ஸ்டாஃபோடு, கழுத்தில் தொங்குவது மட்டும் விசிட்டர் கார்டு. ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸ் என் மேசையைத் தாண்டிப் போனபோது, "வேலைக்கு ஸ்டாஃப், ஸ்வீட்டுக்கு விசிட்டரா?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அம்மாவின் பாதத்தைக் காலையில் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் கேட்டால், "நானே பாத்துக்கினேம்மா, நீ போய்ப் படு," என்பார். கண்ணும் மங்கியவர் என்னத்தைப் பார்த்திருப்பார்? புண்ணிலிருந்து வாடை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வலது கால் சுண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன். "லீவ் லெட்டர் குடுத்துடு, இல்லன்னா ஹெச்ஆர் கத்துவாங்க," என்றாள். அம்மா வைத்தியத்துக்கு இஎஸ்ஐ இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்டேன். "அது ஸ்டாஃபுக்குடி. நீ கான்ட்ராக்ட்தானே?" இரண்டும் ஒரே போனில், ஒரே வாயிலிருந்து வந்தன. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்களே, அந்தக் கத்தி எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஒப்பந்த வருடம் முடிந்தது. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் என் சர்க்கரை நோயாளிச் செருப்பை ஓகே செய்த அதே வாரம், "ஆர்டர் கம்மி, ரென்யூ பண்ணலடி," என்றாள். நான் அட்டைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து, சீலைக் காட்டி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அவளைக் கூப்பிட்டேன், வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ள வந்தது எல்லாம் கம்பெனியோடதுன்னு அக்ரிமென்ட்ல இருக்கு. நீ படிக்கலயா?"

"நீதானடி ஃபார்மாலிட்டின்ன? அதுல எங்கம்மா கால் இருக்குடி."

"வெயில்ல நிக்காத, கெளம்பு," என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து அவளே போன் செய்தாள். உற்பத்தியில் வந்த செருப்பு, போட்டுப் பார்த்த ஸ்டாஃபுக்குச் சுண்டு விரலைக் கடிக்கிறதாம். "நீ இன்னா பண்ணுவ? ஃப்ரெண்டா கேக்கறேன்டி."

எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்துத் தையலைக் கைக்கணக்காக ஒரு நூல் அளவு வெளியே தள்ளி வெட்டுவேன். அட்டையில் அது கிடையாது. கடிக்கட்டும், ஆர்டர் நாசமாகட்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைப் போடப் போகிறவர்களுக்கும் அம்மாவைப் போலக் கடிப்பது தெரியாது. சொல்லிவிட்டேன். "தேங்க்ஸ்டி, நீ மாறவே இல்ல," என்றாள். போனை வைத்தேன்.

அம்மாவின் பழைய செருப்பு இப்போது ஒரு பக்கம் தொளதொளக்கிறது. புது அட்டை ஒன்றைத் தரையில் போட்டு, "வலது காலை வைம்மா," என்றேன். பென்சிலை ஓட்டினேன். நாலு விரல் வந்தது. ஐந்து விரலோடு இருந்த கால், பைபாஸ் ரோட்டுக் கம்பெனியின் ஆணியில், சீல் குத்தித் தொங்குகிறது.